டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க

ஒரு நாளைக்கு இந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்கிறேன் என்று ஒருதரம் எண்ணத் தொடங்கினேன். காலை பதினோரு மணிக்கே இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஸ்கேன் காகிதத்தை நீட்டி, "இதுல என்னக்கா போட்டிருக்கு?" என்பார்கள். எனக்கு அதை வாசிக்கத் தெரியும். "டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க" என்பேன். பிள்ளையின் தலை இறங்கிவிட்டதா, ரத்தம் ஏற்ற வேண்டி வருமா, வயிற்றைக் கிழிக்காமல் ஆகுமா, எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அடிக்கடி வருகிற பெண்கள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிகள். எதிர்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் தறியை ஓட்டினால் நேரே போய், "அண்ணாச்சி, வாரத்துல ஒரு நாளாவது எங்க காதுக்கு லீவு விடுங்க" என்று கேட்டுவிடுவேன். ஆனால் வேலைக்குப் போனால் செருப்போடு சேர்த்து வாயையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். இருபது வருடப் பழக்கம்.

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கு எங்களிடம் வருவார்கள். டாக்டர் ஒருவர்தான். அவர் புறநோயாளிகளைப் பார்ப்பார், முகாமுக்குப் போவார், மீட்டிங்குக்குப் போவார். பிரசவம் பார்ப்பது நாங்கள். வலி வந்தவளைப் படுக்க வைப்பதிலிருந்து பிள்ளையைத் துடைத்து அவள் நெஞ்சில் போடுவது வரைக்கும் என் கையில்தான் நடக்கும். ஆனால் ஓர் ஊசி கூடுதலாகப் போட வேண்டும் என்றால் போன் செய்து கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். 'மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதி நேரத்தையும் போட்டுவிட்டால் நம் தலை தப்பிக்கும். இந்த வரியை நான் தூக்கத்திலும் எழுதுவேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் என்னைப் பதினெட்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முடித்து வந்தால் சாதாரண நர்ஸ் இல்லை, மிட்வைஃப். பிரசவத்தைத் தன் பொறுப்பில் பார்க்கிறவள். வீட்டையும் பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்ப் படித்தேன். அவசியமில்லாமல் பிறப்பு வழியை வெட்டக்கூடாது, குத்தவைத்தும் ஒருக்களித்தும் பெறலாம், அவசரப்படுத்தக்கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். டாக்டர் இல்லாத இடத்தில் ஆபத்து வந்தால் எதுவரைக்கும் போகலாம் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை வந்த பிறகும் நஞ்சுக்கொடி உள்ளேயே நின்றுவிட்டால் கையை உள்ளே செலுத்தி, கர்ப்பப்பைச் சுவரிலிருந்து விரல் நுனியால் மெல்ல மெல்லப் பிரித்து எடுப்பது ஒன்று. முதலில் ரப்பர் பொம்மையில் பழகினேன். பிறகு டாக்டர் பக்கத்தில் நிற்க, மூன்று பெண்களுக்குச் செய்தேன். மூன்று பேரும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

திரும்பி வந்து சான்றிதழை ஆபீசில் காட்டினேன். "இந்தப் படிப்புக்கு இங்கன போஸ்ட் கிடையாதும்மா. ஆர்டர் வந்தா சொல்லுதோம்" என்றார் அங்கிருந்தவர். ஆர்டர் வரவில்லை. பழைய இடத்தில் பழைய வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் என்னைக் 'குட்டி டாக்டர்' என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். சான்றிதழ் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது.

அந்தப் பெண் வந்தது சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா அன்று. அவளுக்கு இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். ராயகிரிப் பெண், இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவன். காலை எட்டு மணிக்கு மாமியார் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் நெற்றியில் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண் காய்ந்து போயிருந்தது.

நல்ல பெண். வலி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஊதுவாள், வலி விட்டதும் பேசத் தொடங்கிவிடுவாள். அவள் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவளாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காதாம். "என் பிள்ளை அப்படி வளரக்கூடாதுக்கா. நான் மூணு பெத்துக்கிடுவேன்" என்றாள். "மொதல்ல இதைப் பெறு, பெறகு பாப்போம்" என்றேன். வலியோடு சிரித்தாள்.

ஒன்று பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தையல் போடுகிற வேலையே இல்லை. குழந்தை உடனே அழுதது, தேடிப் பால் குடித்தது. நான் செய்த நல்ல பிரசவங்களில் ஒன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாசலில் நின்ற மாமியாரிடமும் சொன்னேன்.

நஞ்சுக்கொடி வரவில்லை. தொடையில் ஊசி போட்டிருந்தேன், வயிற்றை அமுக்கிப் பிடித்துக் கொடியை மெல்ல இழுத்தும் பார்த்தேன். அது நகரவில்லை. சிறுநீரை டியூப் வைத்து எடுத்தேன், பிள்ளையை விடாமல் பால் குடிக்கச் செய்தேன். அரை மணி நேரம் பார்க்கலாம் என்பது கணக்கு. இருபது நிமிடத்திலேயே ரத்தம் போகத் தொடங்கியது. குபுகுபுவென்று இல்லை. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. விரித்த துணியை மாற்றினேன், அதுவும் நனைந்தது.

டாக்டர் திருவிழா முகாமில் இருந்தார். லட்சம் பேர் கூடுகிற இடத்தில் மயங்கி விழுகிறவர்களைப் பார்க்க அவரை அங்கே போட்டிருந்தார்கள். போனில் கொட்டுச் சத்தம்தான் முதலில் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். எனக்கு எடுக்கத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

"வேண்டாம் சிஸ்டர், கை போடாதீங்க," என்றார். "நம்மகிட்ட ரத்தம் இல்ல, மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்ல. ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கும் பதில் கிடையாது, எனக்கும் கிடையாது. டிரிப்ஸ் போட்டு 108-ல ஏத்தி விடுங்க."

"சார், வண்டி வர நேரமாகும்."

"தெரியுது. இருந்தாலும் தொடாதீங்க."

அவர் கெட்டவர் இல்லை. சேலம் பக்கத்துப் பையன், என் தம்பியைவிடச் சின்னவர். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அவர் சொன்னது எழுதி வைத்த விதிப்படி சரி. நான் "சரி சார்" என்றேன். 'மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்கப்பட்டது, மணி 1.42' என்று எழுதினேன்.

பிறகு செய்ய அனுமதி உள்ளதையெல்லாம் செய்தேன். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஓடியது. ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் இருக்க இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இறுக்கிச் சுற்றுகிற பட்டையை மாட்டினேன். காலைத் தூக்கி வைத்தேன். ஆக்சிஜன் கொடுத்தேன். வண்டி பதினைந்து நிமிடத்தில் வர வேண்டியது. ஊருக்குள் பாதையை மாற்றி விட்டிருந்ததால் சுற்றிக்கொண்டு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளோடு நானும் வண்டியில் போயிருப்பேன். ஆனால் உள்ளே இன்னொருத்தி வலியோடு கிடந்தாள், வேறு நர்ஸ் இல்லை. அந்த இன்னொருத்திக்கு நாலு மணிக்குப் பையன் பிறந்தான். நஞ்சுக்கொடி ஐந்தாவது நிமிடத்தில் தானாக வந்து தட்டில் விழுந்தது. அதைப் புரட்டி, முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் பார்த்திருப்பேன் போல, அந்தப் பெண் "என்னக்கா, எதுவும் பிரச்சினையா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. சப்பரத்தின் மேல் விவசாயிகள் பருத்தியையும் வத்தலையும் வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பருத்திச் சுளை என் தோளில் விழுந்து ஒட்டியது. அப்போதுதான் போன் அடித்தது. டாக்டர். "உயிருக்கு ஆபத்து இல்ல சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரில யூட்ரஸ எடுத்துட்டாங்க. வேற வழி இல்லையாம்" என்றார். "சரி சார்" என்றேன். சுற்றி எல்லோரும் கையைத் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கூப்பினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, இட்லிக்கு மாவு கரைத்து வைத்தேன்.

அதற்குப் பிறகும் ஒன்றும் தோன்றவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டேன். மகள் சொன்ன பிறகுதான் குழம்பில் உப்பே போடவில்லை என்று தெரிந்தது. எதிர்வீட்டுத் தறி ஞாயிற்றுக்கிழமை ஓடியது. நான் போய்க் கேட்கவில்லை. அண்ணாச்சியே ஒருநாள் வாசலில் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா? சண்டைக்கு வரக் காணோம்" என்றார்.

மாத மீட்டிங்கில் அந்தக் கேஸை எடுத்துப் பேசினார்கள். சரியான நேரத்தில் தெரிவித்து, சரியான முறையில் அனுப்பி வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றியதாக என்னைப் பாராட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். டீயும் வடையும் கொடுத்தார்கள். நான் வடையைத் தின்றேன்.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்கு அவள் பிள்ளையோடு வந்தாள். ஊசி போடுவதற்கு முன்னாலேயே, கூட வந்த மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நர்சம்மா, நீங்க ஒன்னும் பண்ணாம அன்னைக்கே அனுப்பி வச்சதாலதான் எங்க பிள்ளை உசிரோட வந்தா. ஒங்க கைக்கு கோடி புண்ணியம்" என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு குரலைத் தணித்தார். "அவட்ட ஒன்னும் சொல்லிராதிய. கர்ப்பப்பைய எடுத்தது அவளுக்குத் தெரியாது. ஆபரேஷன் பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா மனசு ஒடஞ்சு பால் வத்திரும். பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பெறகு சொல்லிக்கிடுவோம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குடும்பக் கட்டுப்பாடு. குடல்வால் எடுத்ததையோ கண்புரை எடுத்ததையோ யாரும் வெறும் ஆபரேஷன் என்று சொல்ல மாட்டார்கள். சிசேரியன் என்றால் 'வயித்தக் கீறி எடுத்தாக' என்பார்கள். ஆகவே அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆபரேஷன் பண்ணியது உண்மைதானே.

மாமியார் கையிலிருந்த பையில் டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தது. வாங்கிப் படித்தேன். மூன்று தரம் படித்தேன். நான் தேடியது ஒரு சொல். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோடு ஆழமாக வேர்விட்டு ஒட்டியிருந்தது என்று எழுதியிருந்தால் போதும். அப்படி ஒட்டியிருந்தால் அதை என் கை மட்டுமல்ல, யார் கையும் பிரித்திருக்க முடியாது. பிரிக்கப் போயிருந்தால் அவள் அங்கேயே செத்திருப்பாள். அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு நோய் இருந்திருக்கக் கூடாதா என்று விரும்பிய நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சொல் இல்லை. தங்கிவிட்ட நஞ்சுக்கொடி, தாமதம், ரத்தப்போக்கு, கர்ப்பப்பை சுருங்கவில்லை, அவ்வளவுதான் எழுதியிருந்தது. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊசி போடும்போது அவள் கேட்டாள். "அக்கா, எனக்கு ஆபரேஷன் பண்ணிட்டாகளாமே, நெசமா?"

நான் பிள்ளையின் தொடையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா" என்றேன்.

அந்த 'ஆமா'வைத்தான் நான் சொல்ல வந்தேன். இருபது வருடமாக எதைக் கேட்டாலும் டாக்டரிடம் கேட்கச் சொன்னவள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நானே பதில் சொன்னேன். அன்றைக்கும் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

அடுத்தடுத்த ஊசிகளுக்கு வந்தபோதெல்லாம் அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது. மூன்றாவது ஊசியின்போது, "தீட்டு இன்னும் வரலியேக்கா" என்றாள். "பால் குடுக்கும்போது சில பேருக்கு வராது" என்றேன். அதுவும் உண்மை. உண்மையான வாக்கியங்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன்.

டாக்டரிடம் போனேன். அவளைக் கூப்பிட்டு நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஆபரேஷன் பண்ணினவங்கதான் சிஸ்டர் சொல்லணும். அது நம்ம வேலை இல்ல. குடும்பத்துக்காரங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க, அவங்களும் சொல்லலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு நீங்க செஞ்சது சரிதான்" என்றும் சொன்னார். அதை நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவருக்கும் அது உறுத்தியிருக்கும். அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து போய்விட்டார்.

ஒன்பது மாதம் முடிந்து போடுகிற தட்டம்மை ஊசிக்கு அவள் தனியாக வந்தாள். சித்திரை வெயில். தடுப்பூசி போடுகிற புதன்கிழமை என்றாலும் மதியத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கூட்டம் கலைந்திருந்தது. பிள்ளை அவள் இடுப்பில் நெளிந்துகொண்டிருந்தது. தோளில் ஒரு பெரிய பை தொங்கியது. பிள்ளையின் துணியும் அவள் துணியும் அதில் திணித்திருந்தன.

"ஊசியப் போட்டுட்டு இப்படியே ராயகிரிக்கு பஸ் ஏறப் போறேன்க்கா" என்றாள்.

"எத்தன நாளைக்கு?"

"இனி வரல." அவள் குரல் உயரவில்லை. "கையெழுத்துப் போட்டது அவுகதானாம். தலைப்பிள்ளைக்கே ஆபரேஷன் பண்ண எந்தப் புருஷன் கையெழுத்துப் போடுவான்? எதுக்குப் பண்ணச் சொன்னியன்னு கேட்டா, ஒன்னு போதும்னு தோணுச்சு, நான்தான் சொன்னேங்காக. ஆறு மாசமா அதே பதில். எனக்கு வேணுமா வேண்டாமான்னு மயக்கத்துல கெடக்கும்போதா முடிவு பண்ணுவாக? அவுக மொகத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்கலக்கா."

நான் ஊசி மருந்தைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்தேன்.

"நீங்க ஒன்னு மட்டும் சொல்லுங்க. அந்த முடிச்ச அவுத்து விட்டுட்டா மறுபடியும் பிள்ளை உண்டாகுமாமே. அதுக்கு எங்க போகணும்? எங்கம்மாவ கூட்டிட்டுப் போறேன்."

அவள் புருஷன் என்ன செய்திருக்கிறான் என்று அப்போது எனக்கு முழுதாகப் புரிந்தது. மனைவி உடைந்துபோவாள் என்று, பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஆறு மாதமாக வாயைத் திறக்காமல் இருக்கிறான். அவன் செய்யாத தப்புக்காக அவள் பஸ் ஏறப் போகிறாள். நான் 'ஆமா' என்று சொன்னதை நம்பி. பெரிய ஆஸ்பத்திரி சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, மாமியார் சொல்ல மாட்டார், அவன் சொல்லவே மாட்டான். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கும் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இப்படி உக்காரு மக்கா" என்றேன்.

உட்கார்ந்தாள். நானும் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "ஒனக்குப் பண்ணுனது அந்த ஆபரேஷன் இல்ல. நஞ்சு வராம ரத்தம் நிக்கல. உசிரக் காப்பாத்த கர்ப்பப்பையவே எடுத்துட்டாக. அவுத்து விட ஒன்னுமில்ல. இனி தீட்டும் வராது, பிள்ளையும் உண்டாகாது. ஒன் வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டது நீ பொழைக்கணும்னு" என்றேன்.

அவள் அழவில்லை. பிள்ளை அவள் தாலிச் சரட்டை இழுத்து வாயில் வைத்தது. அதை மெல்ல விடுவித்தாள்.

"அப்பம் அவுக என்னை ஒன்னும் செய்யல" என்றாள்.

"இல்ல."

"அன்னைக்கு, வண்டி வாரதுக்கு முன்னால," என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா. பேசத்தான் முடியல. நீங்க முழங்கை மட்டுக்கும் நீளமா ஒரு உறைய மாட்டிக்கிட்டு என் காலுமாட்டுல வந்து நின்னிய. ரொம்ப நேரம் நின்னிய. பெறகு கழத்திப் போட்டிய. அது எதுக்கு?"

இவ்வளவையும் எழுதிய நான் அந்த உறையை எழுதவில்லை. கேஸ் ஷீட்டிலும் எழுதவில்லை, மீட்டிங்கிலும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். டாக்டர் போனை வைத்த பிறகுதான் அதை எடுத்து மாட்டினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கதவைப் பார்த்தேன், ரத்தத்தைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். என் வேலை போய்விடுமே என்று நினைத்தேன். மகளின் படிப்பை நினைத்தேன். கழற்றிப் போட்டேன்.

"நஞ்ச கையால எடுக்கதுக்கு" என்றேன்.

"ஒங்களுக்கு எடுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா வந்திருக்கும்னுதான் நெனைக்கேன். நிச்சயமாச் சொல்ல முடியாது. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு. எனக்கும் பயம்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளையின் சட்டைக் கையை மேலே ஏற்றி, "ஊசியப் போடுங்க" என்றாள். போட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதது. நான் எப்போதும் ஊசி போட்ட பிள்ளையைக் கொஞ்சம் வாங்கித் தட்டிக் கொடுப்பேன். கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ராயகிரிக்கா போற?" என்று கேட்டேன்.

"இல்ல. அவுகட்ட போறேன். தறிக்குப் போயே பாக்கேன்." வாசல் வரைக்கும் போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள். "அடுத்த ஊசிய டவுன்லயே போட்டுக்கிடுதோம்க்கா. இங்கன வரல."

"அட்டையக் குடு" என்றேன். கொண்டு வந்து நீட்டினாள். அடுத்த ஊசி எந்த மாதம் என்று பார்த்து, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.